ரீம் வந்த வீடு

ரீம் என்ற பெயரை ஜுலைகா முதன்முதலில் கேட்டது போனில்தான். ஆறு வருடத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அவள் கணவர் கவுஸ் அமீரகத்தில், அல் ஐனுக்கு வெளியே ஓர் அரபியின் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தார். அவர்கள் ஊரான லப்பைக்குடிக்காட்டில் பாதி வீட்டு ஆண்கள் அப்படி எங்காவது கடல் கடந்துதான் இருந்தார்கள். தினமும் சாயங்காலத்து அசர் தொழுகை முடிந்ததும் கவுஸ் கூப்பிடுவார். அன்று மகள் ஆஃப்ராவின் பரீட்சை மார்க்கை அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் போனை வாயருகிலிருந்து விலக்கி யாரையோ அழைத்தார்.

“ரீம்... தஆலி, ஹபீப்தி.”

ஓதப் படித்த அளவுக்குத்தான் ஜுலைகாவுக்கு அரபி தெரியும். ஆனால் ‘வா, என் அன்பே’ என்பது புரிய அது போதும். அதைவிட அந்தக் குரல். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அந்தக் குரலில் அவர் அவளை ஒரு தரம்கூடக் கூப்பிட்டதில்லை.

“யாருங்க அது?”

“எது? ஒண்ணுமில்ல, இங்க வேலை பாக்குற ஆளு. நீ சொல்லு, கணக்குல எவ்வளவு?”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்று பயம். அன்றிலிருந்து அவர் அனுப்பும் போட்டோக்களில் அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் கொடியில் என்ன துணி காய்கிறது என்று பார்த்தாள். லீவில் வந்தபோது அவர் துணிகளைத் துவைக்கப் பெட்டியைக் கவிழ்த்ததில், ஒரு சட்டையின் தோளில் முடி ஒன்று ஒட்டியிருந்தது. விரல் நீளம், பட்டு நூல் மாதிரி, சந்தன நிறம். தன் முடியைப் போல் கறுப்பு இல்லை. அதை ஒரு காகிதத்தில் மடித்து பீரோவில் நகைப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். மனசுக்குள் அந்த ரீமுக்கு ஓர் உருவமும் வந்துவிட்டது. உயரமானவள், ஒல்லி இடுப்பு, சந்தன நிறத் தலைமுடி. கல்யாண வீடுகளில் மற்றப் பெண்கள் சிரித்துப் பேசும்போதுகூட ஜுலைகா அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

சென்ற வருடம், இருபத்தொரு வருட வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக வருவதாக கவுஸ் சொன்னார். 

“ஜுலைகா, கோவப்படக் கூடாது. நான் மட்டும் வரல. ரீமையும் கூட்டிக்கிட்டு வரேன்.”

அவள் போனை வைத்துவிட்டாள். அவர் சென்னையில் இறங்கும் நாளன்று யார் அழைத்தும் விமான நிலையத்துக்குப் போகவில்லை. பச்சைப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, இருந்த வளையலையெல்லாம் போட்டுக்கொண்டு, நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வருகிறவள் முகத்துக்கு நேராக என்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தாள்.

வாடகை வேன் வந்து நின்றது. கவுஸ் இறங்கினார். பின்கதவைத் திறந்து ஒரு பெரிய கூண்டை இறக்கினார். கூண்டிலிருந்து வெளியே வந்தது ஒரு நாய்.

உயரமான நாய். வயிறு முதுகோடு ஒட்டி, இடுப்பு ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்போல் இருந்தது. காதிலிருந்தும் வாலிலிருந்தும் சந்தன நிறத்தில் பட்டு முடி தொங்கியது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பின்னங்காலை லேசாகச் சாய்த்து நின்றது.

“இதுதான் ரீம்” என்றார் கவுஸ், புதுப் பெண்ணை அறிமுகப்படுத்துகிறவர் மாதிரி வெட்கத்தோடு.

பெரம்பலூர் காலேஜில் படிக்கும் ஆஃப்ரா அன்று லீவு போட்டிருந்தாள். “ஐ, அத்தா! நாயா?” என்று ஓடினாள். ஜுலைகாவுக்கு மட்டும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அடுப்படிக்குப் போய் டீ போட்டாள். அந்த டீயைக் குடித்து முடிக்கும் நேரம் வரைதான் அவளுக்கு நிம்மதி இருந்தது.

அன்று சாயங்காலம் கவுஸ் எல்லாவற்றையும் சொன்னார். தோட்ட சூப்பர்வைசர் என்பது பொய். அரபி வளர்த்த பந்தய நாய்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. “நாய் மேய்க்கத்தான் கப்பல் ஏறுனேன்னு ஊருல சொல்ல முடியுமா? நாளைக்கு நம்ம புள்ளைய யாரு கேட்டு வருவான்?” இந்த வகைக்கு சலூக்கி என்று பெயர். அங்கே வந்துபோகும் மாட்டு வைத்தியர் ஒரு எகிப்துக்காரர். மிஸ்ரி டாக்டர் என்பார்கள். இது எங்கள் ஊர் ராஜாக்கள் வளர்த்த நாய், கல்லறைச் சுவரிலெல்லாம் இருக்கிறது என்று அவர் பெருமை அடிப்பாராம். ரீம் பிறந்தபோது தாய் பால் கொடுக்கவில்லை. கவுஸ்தான் துணியைப் பாலில் நனைத்துக் கொடுத்து வளர்த்தார். அரபியில் ரீம் என்றால் மான்.

“அரபிங்க இத நாய்னே சொல்ல மாட்டாங்க. கூடாரத்துக்குள்ளேயே படுக்க வச்சுக்குவாங்க.”

“நம்மளுக்கு நாய்னா நாய்தான். நடைய மிதிக்கக் கூடாது” என்றாள் ஜுலைகா.

கொல்லையில் விறகுக் கொட்டகையைக் காலி செய்து ரீமுக்கு இடமானது. கவுஸ் அதற்கென்று தனிக் கைலி வைத்துக்கொண்டார். தொழப் போகுமுன் நாயின் எச்சில் பட்ட இடத்தை மார்க்க முறைப்படி ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் போட்டுக் கழுவி, குளித்து, உடை மாற்றிக்கொண்டு போனார். அதிலெல்லாம் குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருந்தது.

இருபத்தொரு வருடம் தனியாக இருந்து ஆள் வந்திருக்கிறார். தனக்கு நரை விழுந்திருப்பதை, முன்போல் மாடிப்படி ஏற முடியாமல் நின்று மூச்சு வாங்குவதை அவர் கவனிப்பார் என்று ஜுலைகா காத்திருந்தாள். அவர் விடிந்ததும் கொல்லைக்குப் போனார். ரீமின் காதை இரண்டு விரலால் தொட்டே காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று சொன்னார். கோழியை உப்பில்லாமல் வேகவைத்து, எலும்பை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பிசைந்து வைத்தார். பேரீச்சம்பழத்தில் கொட்டையை நீக்கிக் கையால் ஊட்டினார். வால் முடியைச் சீப்பால் வாரினார். ஜுலைகா சமையல்கட்டு ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்தாள். ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, முடியை விரித்துவிட்டபடி அவர் முன்னால் இரண்டு தடவை நடந்தாள். அவர் நிமிர்ந்து, “ஜுலைகா, அந்தத் தேங்காண்ண கொஞ்சம் குடு. ரீமுக்குக் கால் வெடிச்சிருக்கு” என்றார்.

பார்க்க ஆள் வேறு வர ஆரம்பித்தது. சிப்பிப்பாறை நாய்க்குக் காதில் முடி முளைத்த மாதிரி இருக்கிறதே என்று தெருவில் சொன்னார்கள். ஒருநாள் வரதராஜன்பேட்டையிலிருந்து மரிய ஆல்பர்ட் என்பவர் வந்தார். அரசுப் பள்ளியில் சரித்திர வாத்தியார். வீட்டில் கன்னி ரக வேட்டை நாய்கள் இரண்டு வளர்க்கிறவர். ரீமைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொட்டகைக்குள் போனார்.

“பாய், எகிப்து நாய்னு பேரு வச்சு விக்கிறாங்களே, பாரோ ஹவுண்ட், அதெல்லாம் நெசத்துல மால்டா தீவு நாயிங்க. நான் ஏமாந்திருக்கேன். இதோட வம்சம்தான் பழசு. கல்லறை ஓவியத்துல இதே ஒடம்பு, இதே தொங்கு காது வரைஞ்சிருக்காங்க. ராஜா செத்தா நாயையும் பதப்படுத்திக் கூட வச்சுப் பொதைப்பாங்க.”

டீ கொண்டு வந்த ஜுலைகா கதவோரம் நின்று கேட்டாள். “அந்த ராஜா பொண்டாட்டிய எங்க சார் பொதச்சாங்க?”

ஆல்பர்ட் அதை நல்ல கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். “அவங்களுக்குத் தனிக் கல்லறை அக்கா.”

“நாய்க்கு மட்டும் பக்கத்துலயே எடம்” என்றாள். கவுஸ் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஆல்பர்ட் ரீமின் பின்னங்காலைத் தடவிப் பார்த்து, “முறிஞ்சு கூடியிருக்கு போல” என்றார்.

“ஆமா சார். பந்தயத்துல விழுந்துடுச்சு. ஓடாத நாய் எதுக்கு, ஊசி போட்டுக் கொன்னுடலாம்னு அரபி சொல்லிட்டான். நான்தான் கால்ல விழுந்து கேட்டு வாங்கிக்கிட்டேன். பதினோரு நாளு பக்கத்துலயே பாய் போட்டுப் படுத்துக் கெடந்தேன்.”

“எப்ப இது?”

“அஞ்சு வருசமாச்சு. நோன்புப் பெருநா முடிஞ்ச மறு வாரம்.”

ஜுலைகா வருடத்தைக் கணக்குப் பார்த்தாள். அந்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு மறுவாரம்தான் பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தார்கள். கட்டி என்றார்கள், நல்லதா கெட்டதா என்று பரிசோதனை முடிவு வரும்வரை தெரியாது என்றார்கள். பதினைந்து வயது ஆஃப்ராதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கவுஸ் போனில், “அரபி லீவு குடுக்க மாட்டேங்கறான் புள்ள” என்று அழுதார்.

வாத்தியார் போனபிறகு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அன்னிக்கு அரபி நெசமாவே லீவு குடுக்கலையா?”

கவுஸ் சீப்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. இத்தனை வருடம் ஒரு பெண்ணோடு மனசுக்குள் போட்ட சண்டையெல்லாம் திரும்ப வந்து அந்த நாயின் மேல் இறங்கியது. ஒரு பெண்ணாக இருந்திருந்தாலாவது ஊரைக் கூட்டி நியாயம் கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆதார் அட்டையில் விலாசம் மாற்ற கவுஸ் பெரம்பலூர் போனார். பஸ் ஏறினார் என்று தெரிந்ததும் ஜுலைகா ஆல்பர்ட்டுக்குப் போன் செய்தாள். “நாய வச்சுக்கிறீங்களா சார்? வெலையெல்லாம் வேணாம். இப்பவே வந்து கொண்டு போயிடுங்க.”

“பாய் சம்மதிச்சுட்டாரா அக்கா?”

“நான் சொல்றேன்ல.”

ஆல்பர்ட் ஆசையில் அதற்கு மேல் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் ஆம்னி வேனோடு வந்தார். ரீம் சத்தம் போடாமல் ஏறியது. வேன் கிளம்பும்போது கண்ணாடி வழியாக ஜுலைகாவைப் பார்த்தது. அவள் கொட்டகையை மூன்று வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

கவுஸ் அசருக்கு வந்தார். கொல்லைக்குப் போனார். திரும்பி வந்தார்.

“ரீம் எங்க?”

“குடுத்துட்டேன். வரதராஜன்பேட்டை வாத்தியாருக்கு.”

கத்துவார், கை ஓங்குவார், தானும் பதிலுக்குக் கத்தலாம் என்று அவள் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். கவுஸ் தோளிலிருந்த பையை இறக்கி வைத்தார். பிறகு, “கோழியில எலும்பு எடுத்துடணும்னு சொல்லி அனுப்புனியா?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

அது அவளை அறைந்ததைவிட மோசமாக இருந்தது. அன்றைக்கும் மறுநாளும் அவர் தட்டில் போட்டதைப் பிசைந்து பிசைந்து எழுந்து போனார். ஆஃப்ரா, “வாங்கத்தா, போயி கூட்டிட்டு வந்துடலாம்” என்றாள். “வேணாம்மா. ஒங்கம்மா செஞ்சது நியாயந்தான்” என்றார். மூன்றாம் நாள் ஜுலைகாவால் தாங்க முடியவில்லை.

“நான் வயித்தக் கிழிச்சுப் போட்டுக் கெடந்தப்ப நீங்க ஒரு வேள சோறு திங்காம இருந்தீங்களா?”

அவர் எழுந்து பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

நாலாம் நாள் காலையில் ஆல்பர்ட் போன் செய்தார்.  “அக்கா, இது பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்குது. டாக்டர் வந்து பாத்தாரு, நோவு ஒண்ணும் இல்லங்கறாரு. கேட்டுக்கு மூஞ்சியக் காட்டிப் படுத்தே கெடக்குது.”

“அதுக்கு நான் என்ன பண்றது சார்?” என்றாள் அவள் எரிச்சலோடு.

எதிர்முனையில் ஏதோ சலசலப்பு. “அக்கா, இன்னொரு தரம் பேசுங்க! ஒங்க கொரல் கேட்டு எந்திரிச்சுடுச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். போனையே மோந்து பாக்குது.”

“என் கொரலா? பாய் கொரல் இல்ல?”

“நீங்கதான பேசுறீங்க. வாலு ஆடுதுக்கா.”

ஜுலைகாவுக்கு நம்பிக்கை வரவில்லை. கவுஸிடம் போய்ச் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை. “அசருக்கு அப்பறம்தான அதுக்கு முடி வாருவேன். ஒங்கிட்ட ஸ்பீக்கர்ல பேசிக்கிட்டேதான் வாருவேன். ஒன்பது வருசமா தெனம் நீ பேசுறதக் கேட்டுக்கிட்டேதான் அது படுத்திருக்கும்.”

அவள் உள்ளே போய் புர்காவை எடுத்து மாட்டினாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டாள். “நானும் வரவா?” என்றார் கவுஸ். “வேணாம். ஒங்கள யாரும் கூப்புடல” என்றாள்.

அரியலூர் போய், சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஜெயங்கொண்டம் சேர்ந்து, பஸ் மாறி வரதராஜன்பேட்டையில் இறங்கியபோது உச்சி வெயில். முந்திரித் தோப்பை ஒட்டி ஆல்பர்ட் வீடு. அவர் மனைவி ரீனா தண்ணீர் கொடுத்தாள். கன்னி நாய்கள் இரண்டும் குரைத்தன. ரீனா அவற்றை அதட்டிவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்.

“நீங்க ஏன் அனுப்புனீங்கன்னு எனக்குப் புரியுதுக்கா. எங்கூட்டுக்காரருக்கு எங்க கல்யாண நாளு ஞாபகம் இருக்காது. இந்த ரெண்டுக்கும் ஊசி போடுற தேதி கேளுங்க, தூக்கத்துலகூடச் சொல்வாரு.”

ரீம் கேட்டருகே கிடந்தது. நாலு நாளில் விலா எலும்பு எண்ணும்படி ஆகியிருந்தது. “ரீம்” என்றாள் ஜுலைகா. அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அது எழுந்து வந்து அவள் புர்காவில் முகத்தை வைத்தது. பிறகு அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் பாதையைப் பார்த்தது. அவர் வந்திருக்கிறாரா என்று தேடியது.

தன்னிடம் வந்தது தனக்காக இல்லை என்று அவளுக்கு ஒரு கணம் சுருக்கென்றது. மறுகணம், அந்தப் பார்வை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. போன் வரும் நேரம் தாண்டிவிட்டால் தானும் இப்படித்தான் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“வரல. நான்தான் வந்திருக்கேன்” என்றாள். மண்ணில் குந்தி, பேரீச்சம்பழத்தைப் பிய்த்துக் கொட்டையை எடுத்துவிட்டு நீட்டினாள். ரீம் முகர்ந்தது. யோசித்தது. நாக்கு படாமல், உதட்டால் மட்டும் எடுத்துத் தின்றது. ஒவ்வொன்றாக ஒன்பது பழம் தின்றது. ஆல்பர்ட் தள்ளி நின்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தன் கையால் நாலு நாள் கொடுத்துப் பார்த்தவர் அவர்.

“என் வூட்டுக்கு விதியில்லக்கா” என்றார். ஆம்னியை அவரே எடுத்தார். ஜுலைகா பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.  வழியெல்லாம் நாய் இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு வந்தது.

வேன் சத்தம் கேட்டு கவுஸ் தெருவுக்கே ஓடி வந்தார். ரீம் தாவிக் குதித்து அவர் மேல் ஏறப் பார்த்தது. அவர் இரண்டு கையையும் விரித்தார்.

“இருங்க” என்றாள் ஜுலைகா. “நான் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு அப்பறம் கொஞ்சுங்க. அரபி லீவு குடுத்தானா இல்லையா?”

ஆல்பர்ட் நாயின் கழுத்து வாரைப் பிடித்துக்கொண்டு நைசாகக் கொல்லைப் பக்கம் நகர்ந்தார். கவுஸ் நடைப்படியில் உட்கார்ந்தார்.

“குடுத்தான். டிக்கெட்டும் போட்டுக் குடுத்தான்.”

“அப்பறம்?”

“பயம் ஜுலைகா. கட்டி கெட்டதுன்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்? நாய்க்குக் கால் ஒடஞ்சா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். கட்டுப் போடணும், கஞ்சி ஊத்தணும், பக்கத்துல படுத்துக்கணும். ஒனக்குன்னா எனக்கு ஒண்ணுமே தெரியல. ஒங்கூட நான் இருந்ததே மொத்தமா கூட்டுனா ரெண்டு வருசம்கூட வராது. வந்து நின்னா நீ என் மூஞ்சியப் பாத்தே பயந்துடுவேன்னு நெனச்சேன். ரீம் அடிபட்டுக் கெடந்தது ஒரு சாக்காப் போச்சு.”

“பக்கத்துல படுத்துக்கத் தெரியும்ல? அதான் வேணும் எனக்கும். வேற என்ன?”

அவர் அழுதார். அவள் சமாதானப்படுத்தவில்லை. உள்ளே போய், நாயின் எச்சில் பட்ட புர்காவை மண் கரைத்த தண்ணீரில் ஒருமுறையும் நல்ல தண்ணீரில் ஆறுமுறையும் அலசிக் காயப்போட்டாள். ஆல்பர்ட்டுக்குச் சோறு போட்டு அனுப்பினாள். பத்து நாள் கவுஸிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. ஆனால் கோழி வேகவைக்கும்போது எலும்பை எடுத்தது இந்தத் தடவை அவள்தான். பீரோவிலிருந்த அந்த முடியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. இப்போதும் கவுஸ் ரீமுக்கு முடி வாரும்போது அவளுக்குப் பொறுக்காது. ஒரே வித்தியாசம், இப்போது அதை வாய்விட்டுச் சொல்கிறாள். “போதும் போதும், தோலு உரிஞ்சுடப் போவுது.” அவரும் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, “நீ இன்னிக்கு மாத்திர போட்டுக்கிட்டியா?” என்பார். கேட்கத் தெரியாமல் கேட்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறார்.

தை மாதத்தில் ஒரு நாள் விடிந்த பிறகு, நீயும் வாயேன் என்று கூப்பிட்டார். ரீமோடு மூன்று பேருமாக வெள்ளாற்றுக்குப் போனார்கள். தண்ணீர் வற்றி மணல் அகலமாக விரிந்து கிடந்தது. கவுஸ் வாரை அவிழ்த்தார். ரீம் இரண்டடி நடந்தது, அப்புறம் ஓடியது. முறிந்து கூடிய கால் கொஞ்சம் இழுத்தாலும் நாலு காலும் ஒரே சமயத்தில் மணலை விட்டு எழும்பின. காது முடி பின்னால் பறந்தது. எதிரே திட்டக்குடிக் கரை வரை போய், வளைந்து, திரும்பியது. இப்படி ஒன்று ஓடி ஜுலைகா பார்த்ததில்லை.

கவுஸின் முகத்தைப் பார்த்தாள். வாய் திறந்து, கண் கலங்கி, சின்னப் பிள்ளை மாதிரி நின்றார். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை. பழைய எரிச்சல் குபுக்கென்று கிளம்பியது.

“ஆஃப்ரா அத்தா, கொஞ்சம் இங்க பாருங்க.”

அவர் திரும்பினார். “என்ன?”

 “ஒண்ணுமில்ல. பாருங்கன்னேன்.”

நாய் அவர்களைத் தாண்டி, மணலை வாரி இறைத்துக்கொண்டு மறுபடி ஓடியது. கவுஸ் அந்தப் பக்கம் திரும்பவில்லை. என்ன செய்வதென்று தெரியாதவராக, அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.